பழைய பிரவுசரிலும் சைட் ஓட வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடு ரிவ்யூவிலும் கிளையண்ட் மெயிலிலும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. முதல் ஐந்தும் முடிவெடுப்பவர்களுக்கானவை. மீதி கோடு எழுதுபவர்களுக்கானவை.

1. எந்த பிரவுசரைத்தான் "பழசு" என்கிறீர்கள்? எல்லாம் தானாக அப்டேட் ஆகிவிடுமே?

வயதை வைத்துச் சொல்வதில்லை. இனி அப்டேட் வர வழியே இல்லாமல் நின்றுபோன பிரவுசர்தான் பழசு. தானாக அப்டேட் ஆவது உண்மைதான், ஆனால் அடியில் இருக்கும் இயங்குதளம் அனுமதிக்கும் வரைதான். விண்டோஸ் 7, 8, 8.1 வைத்திருப்பவருக்கு குரோம் 109-தான் கடைசி. அது 2023 ஜனவரியில் வந்தது. ஆண்ட்ராய்டு 5-ல் குரோம் 95, ஆண்ட்ராய்டு 6-ல் 106, ஆண்ட்ராய்டு 7-ல் 119. அதற்கு மேல் போகாது.

ஐபோனில் கதை இன்னும் இறுக்கம். சஃபாரியின் வெர்ஷன் ஐஓஎஸ் வெர்ஷனோடு கட்டப்பட்டது. ஐபோன் 5எஸ், 6 இரண்டும் ஐஓஎஸ் 12-ல் நின்றுவிட்டன. 6எஸ், 7 ஆகியவை ஐஓஎஸ் 15-ல். "குரோம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்" என்பது இங்கே பயன்படாது. அந்தப் போன்களில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாமே பெயரும் ஐகானும் மட்டும்தான் வேறு, உள்ளே ஓடுவது ஆப்பிளின் அதே வெப்கிட் என்ஜின். இவற்றோடு ஸ்மார்ட் டிவி பிரவுசர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வாங்கிய வருடத்து குரோமியத்தோடு (குரோமின் அடிப்படை) வாழ்நாள் முழுக்க ஓடுபவை நிறைய.

2. ஐஇ 11-ஐ இன்னும் பார்க்கணுமா?

பொதுமக்கள் பார்க்கும் சைட் என்றால் வேண்டாம். 2013-ல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-ஐ மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-ல் ஓய்வு கொடுத்து அனுப்பியது. 2023 பிப்ரவரியில் எட்ஜ் அப்டேட் வழியாக அதைத் திறக்கவே முடியாமல் செய்தது. சைட் கட்டும் கருவிகளான ரியாக்ட் 18, வியூ 3, பூட்ஸ்ட்ராப் 5, வேர்ட்பிரஸ் 5.8 எல்லாமே அதைக் கைவிட்டவை.

அலுவலகத்துக்குள் மட்டும் ஓடும் பழைய அப்ளிகேஷன் என்றால் எட்ஜில் இருக்கும் ஐஇ மோட் (பக்கத்தை ஐஇ போலவே திறக்கும் வசதி) போதும். குறைந்தது 2029 வரை அது இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. புதிதாகக் கட்டும் ஒன்றுக்கு ஐஇ 11 வேண்டும் என்று கிளையண்ட் பிடிவாதம் பிடித்தால், அதைத் தனி வேலையாகத் தனி மதிப்பீட்டில் எழுதுங்கள். பெரும்பாலும் தொகையைப் பார்த்ததும் அந்த வரி தானாக மறைந்துவிடும்.

3. "உங்கள் பிரவுசரை அப்டேட் செய்யவும்" என்று ஒரு பேனர் போட்டால் வேலை முடிந்ததே?

முதல் பதிலில் உள்ள பட்டியலைப் பாருங்கள். அதில் யாராலும் அப்டேட் செய்ய முடியாது. புதுப் போன் வாங்கச் சொல்வதற்குச் சமம் அந்த பேனர். அலுவலகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கோ அப்டேட் செய்யும் அனுமதியே இருக்காது.

பேனர் போடலாம், ஆனால் மேலே ஒரு வரியாக, மூடிவிடக்கூடியதாக இருக்கட்டும். மொத்தப் பக்கத்தையும் மறைத்து "உங்களுக்கு இடமில்லை" என்று கதவை அடைப்பதைப் போல மோசமான வழி வேறில்லை. கதவை அடைக்கும் அந்த ஸ்கிரிப்ட் பல நேரம் தப்பாகக் கணித்து, புது பிரவுசர்காரரையும் வெளியே நிறுத்திவிடும். ஏன் என்பது 6-ல்.

4. எந்த வெர்ஷன் வரை போகணும் என்று எப்படி முடிவு செய்வது? உலகப் புள்ளிவிவரம் பார்த்தால் போதுமா?

உலகச் சராசரி உங்கள் வாடிக்கையாளரைப் பற்றி எதுவும் சொல்லாது. உங்கள் சைட்டின் கடைசி மூன்று மாதத் தரவை எடுத்து, வெர்ஷன் வாரியாகப் பிரியுங்கள். வருகையை எண்ணுவதோடு நிற்காமல், வேலையை முடித்தவர்களையும் எண்ணுங்கள்: படிவம் அனுப்பியவர்கள், பணம் கட்டியவர்கள். ஒரு வெர்ஷனில் வருகை இருக்கிறது, ஆனால் முடித்தவர் எண்ணிக்கை மட்டும் அதல பாதாளத்தில் கிடக்கிறது என்றால், அந்த பிரவுசரில் எதுவோ உடைந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். "அந்த பிரவுசர்காரர்கள் வாங்குவதில்லை" என்று அதை வாசித்துவிட்டு சப்போர்ட்டை நிறுத்தும் அணிகள் உண்டு.

இன்னொரு பொறி: அனலிட்டிக்ஸ் ஓடுவதே ஜாவாஸ்கிரிப்டில். ஸ்கிரிப்ட் விழும் பிரவுசர் அதன் கணக்கிலேயே வராமல் போகலாம். அதனால் சர்வர் தானே எழுதி வைக்கும் வருகைப் பதிவான லாகையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முடிவை பிரவுசர்ஸ்லிஸ்ட் ஃபைலில் (எந்த பிரவுசர்களுக்காகக் கட்டுகிறோம் என்ற பட்டியல்) எழுதி வையுங்கள். ஜாவாஸ்கிரிப்டைப் பழைய நடைக்கு மாற்றும் பேபெல், சிஎஸ்எஸ்ஸுக்கு அதே போன்ற வேலை செய்யும் ஆட்டோபிரிஃபிக்சர் இரண்டும் அதையே படிக்கும். அதன் இயல்பு விதியை அப்படியே விட்டுவிடாதீர்கள். 0.5 சதவீதத்துக்கு மேல், கடைசி இரண்டு வெர்ஷன், ஃபயர்ஃபாக்ஸ் ஈஎஸ்ஆர் (நீண்ட கால சப்போர்ட் வெர்ஷன்) என்று போகும் அந்த விதியில் குரோம் 109-ம் ஐஓஎஸ் 15-ம் உலகக் கணக்கில் அரை சதவீதம் தாண்டினால்தான் உள்ளே வரும். உங்களுக்கு வேண்டும் என்றால் பெயர் சொல்லி எழுதுங்கள். "பேஸ்லைன்" என்ற அடையாளத்துக்கும் இதே எச்சரிக்கைதான். முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் ஒரு வசதி வந்து 30 மாதம் ஆனால் "பரவலாகக் கிடைக்கிறது" என்பார்கள். அது வசதியின் வயது. ஐந்து வருடமாக அதே ஐபோனை வைத்திருப்பவரை அந்தக் கணக்குக்குத் தெரியாது.

5. சப்போர்ட் என்றால் எல்லா பிரவுசரிலும் டிசைன் அச்சு அசலாக ஒரே மாதிரி வரணுமா?

வேண்டியதில்லை. இந்தக் குழப்பம்தான் பட்ஜெட்டைத் தின்கிறது. யாஹூவின் டெவலப்பர்கள் 2006-லேயே பிரவுசர்களைத் தரம் பிரித்து, எதில் முழு அனுபவம், எதில் உள்ளடக்கம் மட்டும் என்று வெளிப்படையாக வகுத்தார்கள். அந்த வழக்கம் இன்றும் செல்லும்.

ஒப்பந்தத்தில் "எல்லா பிரவுசரிலும் வேலை செய்யும்" என்ற வரியைச் சேர்க்கவே கூடாது. அதற்குப் பதில் இப்படிப் பிரித்து எழுதலாம்: இன்னின்ன வெர்ஷனுக்கு மேல் டிசைன் முழுமையாக வரும், இன்னின்ன வெர்ஷன் வரை படிப்பது, தேடுவது, லாகின், பணம் கட்டுவது ஆகியவை தடையின்றி நடக்கும், ஆனால் அனிமேஷனும் நிழலும் மூலை வளைவும் மாறலாம், அதற்குக் கீழே பரிசோதிக்கவில்லை. மூலை வளைவுக்காக மூன்று நாள் செலவழித்துவிட்டு, பணம் கட்டும் பட்டன் அழுந்தவில்லை என்பதைக் கவனிக்காமல் விடுவது இந்தப் பிரிவு இல்லாத ப்ராஜெக்டில்தான் நடக்கும்.

6. யூசர் ஏஜெண்டைப் பார்த்துப் பிரித்தால் சுலபம்தானே?

யூசர் ஏஜெண்ட் என்பது பிரவுசர் தன்னை யார் என்று சர்வருக்குச் சொல்லும் வரி. அது பொய் சொல்வதற்கென்றே வளர்ந்தது. ஐஇ 11 தன் பழைய அடையாளமான "எம்எஸ்ஐஇ" என்பதை எடுத்துவிட்டு "கெக்கோ மாதிரி" என்று சேர்த்துக்கொண்டது (கெக்கோ ஃபயர்ஃபாக்ஸின் என்ஜின்). ஐபேட் 2019-லிருந்து தன்னை மேக் என்று சொல்லிக்கொள்கிறது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2022-ல் நூறாம் வெர்ஷனைத் தொட்டபோது, முதல் இரண்டு இலக்கத்தை மட்டும் படிக்கும் ஸ்கிரிப்டுக்கு அவை வெர்ஷன் 10 ஆகத் தெரிந்தன.

பெயரைக் கேட்காதீர்கள், வேண்டிய வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். பிபிசி செய்திப் பிரிவு 2012-ல் பிரபலமாக்கிய வழி இன்றும் எளிது: முக்கியமான இரண்டு மூன்று வசதி இருக்கிறதா என்று தொடக்கத்தில் ஒரே ஒருமுறை பார்த்து, இருந்தால் முழு ஸ்கிரிப்டை ஏற்று, இல்லாவிட்டால் சாதாரண பக்கத்தோடு விட்டுவிடு. யூசர் ஏஜெண்டைத் தொட வேண்டிய நேரங்கள் அரிது. அப்படித் தோன்றும் ஒரு இடம் 13-ல் வருகிறது. அதற்குக்கூட வேறு வழி இருக்கிறது.

7. சிஎஸ்எஸ்-ல் பிரவுசருக்குத் தெரியாத ஒன்று இருந்தால் பக்கம் உடைந்துவிடுமா?

சிஎஸ்எஸ் என்ற அலங்கார விதிகளில் ஒரு தனி வரி தெரியாவிட்டால் பிரவுசர் அதை மட்டும் தாண்டிப் போகும். அதனால் பழையதை மேலே, புதியதைக் கீழே எழுதினால் போதும். உயரத்துக்கு முதலில் 100விஎச் (திரையின் முழு உயரம்), அடுத்த வரியில் அதன் புது வடிவமான 100டிவிஎச். தெரிந்தவர் இரண்டாவதை எடுத்துக்கொள்வார். பில்ட் கருவி (கோடை பிரவுசருக்கான இறுதி ஃபைலாக்குவது) "ஒரே பண்பு இரண்டு முறை வந்திருக்கிறதே" என்று மேல் வரியை நீக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விதிவிலக்குகள்தான் ஆபத்து. காற்புள்ளி போட்டு எழுதிய செலக்டர் (விதி எதற்குப் பொருந்தும் என்று சொல்வது) பட்டியலில் ஒன்று தெரியாவிட்டாலும் மொத்த விதியும் போய்விடும். ஹோவரையும் (மவுஸ் மேலே வரும்போது) ஃபோகஸ்-விசிபிளையும் (கீபோர்டில் அங்கே வரும்போது) ஒரே பட்டியலில் எழுதினால், சஃபாரி 15.4-க்குக் கீழே ஹோவரும் சேர்ந்து காணாமல் போகும். தனித்தனி விதியாக எழுதுங்கள். பிரவுசரே நேரடியாகப் புரிந்துகொள்ளும் நெஸ்டிங் (விதிக்குள் விதி எழுதுவது), குரோம் 109-ல் இல்லை. அது 112-ல்தான் வந்தது. பில்டில் விரித்து எழுதாவிட்டால் விண்டோஸ் 7 பயனருக்கு உள்ளே எழுதிய ஸ்டைல் போய்ச் சேராது.

எல்லாவற்றிலும் பெரிய அடி, விதிகளை அடுக்கடுக்காகப் பிரிக்கும் @லேயர். குரோம் 99, சஃபாரி 15.4-க்கு முந்தியவை அந்தப் பிளாக்கை உள்ளே உள்ள எல்லாவற்றோடும் தூக்கி எறியும். நிறம் மாறுவதோடு நிற்காது, சைட்டே ஸ்டைல் இல்லாத அம்மணக் கோலத்தில் நிற்கும். டெயில்விண்ட் 4 என்ற சிஎஸ்எஸ் கருவி இந்த லேயர்களை அப்படியே வெளியிடுகிறது. குரோம் 111, சஃபாரி 16.4, ஃபயர்ஃபாக்ஸ் 128 அதன் குறைந்தபட்சத் தேவை என்று அவர்களே சொல்கிறார்கள். அதற்குக் கீழே போக வேண்டிய ப்ராஜெக்ட் என்றால் 3-ஆம் வெர்ஷனிலேயே இருங்கள்.

8. @சப்போர்ட்ஸ் போட்டுப் பார்த்தும் பழைய ஐபோனில் ஐட்டங்களுக்கு நடுவே இடைவெளி வரவில்லையே?

@சப்போர்ட்ஸ் என்பது ஒரு வசதி இருக்கிறதா என்று சிஎஸ்எஸ்ஸிலேயே கேட்கும் வழி. இடைவெளிக்கு "கேப்" பயன்படுத்தியிருப்பீர்கள். ஐட்டங்களை அடுக்கும் முறைகளான கிரிட், ஃபிளெக்ஸ் இரண்டிலும் அந்தப் பண்பு உண்டு. சஃபாரி 12 முதல் 14.0 வரை கிரிடில் மட்டும் அது வேலை செய்யும். "உனக்கு கேப் தெரியுமா?" என்று @சப்போர்ட்ஸ் கேட்டால் "தெரியும்" என்று அது சொல்வது உண்மைதான், கேள்விதான் தப்பு. ஃபிளெக்ஸில் சஃபாரி 14.1-லும் குரோம் 84-லும்தான் வந்தது.

ஒரு குறுக்கு வழி: கேப்பைக் கேட்காமல் "ஆஸ்பெக்ட்-ரேஷியோ" (அகல-உயர விகிதம் சொல்லும் பண்பு) இருக்கிறதா என்று கேளுங்கள். அது குரோம் 88, சஃபாரி 15, ஃபயர்ஃபாக்ஸ் 89-ல் வந்தது. மூன்றிலும் ஃபிளெக்ஸ் கேப்புக்குப் பிறகு. அது இருந்தால் இதுவும் கட்டாயம் இருக்கும். @சப்போர்ட்ஸுக்கு வெளியே மார்ஜின் வைத்து எழுதுங்கள். @சப்போர்ட்ஸுக்குள் மார்ஜினைப் பூஜ்யமாக்கிவிட்டு கேப்பை வையுங்கள். ஒற்றை வரிசைதான் என்றால் இந்தச் சுற்றே வேண்டாம், கிரிடில் போட்டுவிடலாம்.

9. பேபெல் எல்லாவற்றையும் மாற்றித் தருகிறதே, பிறகு ஏன் வெள்ளைத் திரை?

பேபெல் மாற்றுவது எழுத்து முறையை. கேள்விக்குறி-புள்ளி (?.), ஆரோ ஃபங்ஷன் போன்றவற்றைப் பழைய நடையில் எழுதித் தரும். பிரவுசரில் இல்லாத ஃபங்ஷனை அது தானாக உருவாக்காது. அதற்கு கோர்-ஜேஎஸ் மாதிரி பாலிஃபில் (இல்லாத வசதியை ஈடுகட்டும் கோடு) சேர்க்க வேண்டும். ஃபெட்ச் போன்ற பிரவுசர் ஏபிஐகள் கோர்-ஜேஎஸ்ஸிலும் கிடையாது, தனியாகச் சேர்க்க வேண்டும். இரண்டாவது காரணம், இறக்கிய லைப்ரரிகள் இருக்கும் நோட்-மாட்யூல்ஸ் ஃபோல்டரை பில்ட் பெரும்பாலும் தொடாமல் விட்டுவிடும். நீங்கள் எழுதிய கோடு சுத்தம், இறக்கிய லைப்ரரி ஒன்றில் மட்டும் புதுநடை. சிஎஸ்எஸ் போல ஜாவாஸ்கிரிப்ட் மன்னிக்காது. ஃபைலில் எங்கோ ஒரு எழுத்து புரியாவிட்டாலும் மொத்த ஃபைலும் ஓடாது.

மூன்றாவதுதான் அதிகம் பேரைக் கவிழ்ப்பது: ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்து வடிவத்தைத் தேடும் குறியீடு) வரும் லுக்-பிஹைண்ட், அதாவது முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கும் குறி. குரோமில் 62-லிருந்தே இருப்பதால் யாரும் யோசிப்பதில்லை. சஃபாரிக்கு 2023 மார்ச்சில் வந்த 16.4-ல்தான் வந்தது. தொகைக்கு நடுவே காற்புள்ளி போட ஒரு வரி எழுதுகிறோம். ஐஓஎஸ் 15-ல் நிற்கும் ஐபோன் 7-ல் அந்தத் தொகை தப்பாகத் தெரிவதோடு போகாது. ஃபைலைப் படிக்கும்போதே "இன்வேலிட் குரூப் ஸ்பெசிஃபையர் நேம்" என்று ஒரு பிழை வந்து, ஆப் தொடங்கும் முன்பே நின்றுவிடும். பயனர் பார்ப்பது வெறும் வெள்ளை. பேபெலால் இதை மாற்ற முடியாது, பாலிஃபில்லும் உதவாது.

கண்டுபிடிக்கும் வழி எளிது. பில்ட் முடிந்த இறுதி ஃபைலில் (சோர்ஸில் தேடிப் பயனில்லை) (?<= என்பதையும் (?<! என்பதையும் தேடுங்கள். உங்கள் கோடில் இருந்தால் வேறு விதமாக எழுதுங்கள். லைப்ரரியில் இருந்தால் பழைய வெர்ஷனுக்குப் போங்கள் அல்லது மாற்றுங்கள். இந்தத் தேடலை பில்டின் கடைசிப் படியாகவே வைத்துவிட்டால், யாரோ ஒரு லைப்ரரியை அப்டேட் செய்த அன்றே தெரிந்துவிடும்.

10. பத்து பேருக்காக எல்லாருக்கும் பெரிய ஃபைல் அனுப்புவதா?

இரண்டு பில்ட் செய்யலாம். மாட்யூல் வகை ஸ்கிரிப்டைப் புது பிரவுசர்கள் எடுக்கும். நோமாட்யூல் என்று குறித்ததை அவை விட்டுவிடும். பழையவை இதற்கு நேர் எதிர். சஃபாரி 10.1 மட்டும் மாட்யூலைப் புரிந்துகொண்டு நோமாட்யூலைப் புரிந்துகொள்ளாமல் இரண்டையும் ஓட்டும். இன்று அது அபூர்வம்.

ஆனால் புதுசு, பழசு என்ற இந்த எல்லை 2017-ல் போடப்பட்டது என்பதை மறக்காதீர்கள். குரோம் 61-க்கே மாட்யூல் தெரியும்; கேள்விக்குறி-புள்ளி குரோம் 80-ல்தான் வந்தது. மாட்யூல் பில்டில் இன்றைய நடையை அப்படியே விட்டால், இடைப்பட்ட வெர்ஷன்கள் புது ஃபைலை எடுத்துக்கொண்டு வெள்ளைத் திரை காட்டும். மாட்யூல் பில்டுக்கும் உங்கள் பட்டியலின் அடிமட்ட வெர்ஷனைக் குறிப்பிடுங்கள்.

11. பாலிஃபில்லை வெளி சிடிஎன்னிலிருந்து ஒரே வரியில் இழுத்துக்கொள்ளலாமா?

கூடாது. சிடிஎன் என்பது ஃபைல்களைப் பகிர்ந்து தரும் வெளியார் சர்வர். அப்படி பாலிஃபில் தந்துவந்த பாலிஃபில்.ஐஓ என்ற டொமைன் 2024 பிப்ரவரியில் கை மாறியது. ஜூனில் அதன் வழியே தீங்கான கோடு பரவுவது வெளியானது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சைட்டுகளில் அந்த ஒற்றை வரி இருந்தது. தேவையானதை உங்கள் பில்டிலேயே சேர்த்து உங்கள் சர்வரிலிருந்தே அனுப்புங்கள். பழைய டெம்ப்ளேட்டுகளில் அந்த வரி இன்னும் கிடக்கிறதா என்று இன்றே தேடிவிடுங்கள்.

12. பக்கமே வரவில்லை, "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்கிறது. இதற்கும் கோடுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தமில்லை. அதனால்தான் டெவலப்பர் நாள் கணக்கில் தப்பான இடத்தில் தேடுவார். முதலில் அந்தக் கருவியின் தேதி சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள்; பேட்டரி தளர்ந்த பழைய கருவிகளில் தேதி பின்னோக்கிப் போய்விடும், சான்றிதழ் செல்லாததாகத் தெரியும்.

அடுத்தது ரூட் சான்றிதழ்: சைட்டின் சான்றிதழை நம்பலாமா என்று பார்க்க, கருவியில் முன்பே இருக்கும் மூலச் சான்றிதழ். ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தியவற்றுக்கு இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்டின் சொந்த ரூட் தெரியாது. இன்னொரு நிறுவனத்தின் கையெழுத்தை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதுவும் 2024 செப்டம்பர் 30-ல் முடிந்தது. அந்தப் போன்கள் உங்களுக்கு முக்கியம் என்றால், பழைய ரூட் உள்ள வேறு நிறுவனத்தின் சான்றிதழ் வாங்க வேண்டும். பயனரிடம் சொல்ல ஒரு மாற்று: ஃபயர்ஃபாக்ஸ் தன் ரூட் பட்டியலைத் தானே சுமந்து வருவதால் அந்தப் போனிலும் திறக்கும். டிஎல்எஸ் (இணைப்பைப் பூட்டும் முறை) 1.0-ஐ சர்வரில் திரும்ப இயக்குவது மட்டும் வேண்டாம். 2021 மார்ச்சில் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டது அது. ஆண்ட்ராய்டு 5-க்கு மேல் 1.2 இயல்பாகவே இருப்பதால் அதற்குத் தேவையும் இல்லை.

13. ஐஓஎஸ் 12-ல் மட்டும், பணம் கட்டிவிட்டுத் திரும்பினால் லாகின் போய்விடுகிறது. ஏன்?

குக்கியின் சேம்சைட் மதிப்பு. வேறு சைட்டிலிருந்து வரும்போது குக்கியை அனுப்பலாமா என்று சொல்லும் குறிப்பு அது. குரோம் 80 வந்தபின், வேறு சைட்டுக்குள் பதிக்கப்பட்ட நிலையிலோ வேறு சைட்டிலிருந்து போஸ்ட் வழியாகத் திரும்பும்போதோ குக்கி வர வேண்டுமானால் "நன்" (None) என்று குறிக்க வேண்டும், செக்யூர் என்ற குறிப்பும் வேண்டும். ஐஓஎஸ் 12 சஃபாரிக்கு "நன்" என்ற சொல் தெரியாது; தெரியாததை அது "ஸ்ட்ரிக்ட்" என்று எடுத்துக்கொள்ளும். நாம் தாராளமாக விடச் சொன்னதை அது இறுக்கிப் பூட்டும். குரோம் 51 முதல் 66 வரையோ அந்த குக்கியையே ஏற்காது.

யூசர் ஏஜெண்ட் பார்த்துப் பிரிக்கத் தோன்றும் இடம் இதுதான். அதைவிடப் பாதுகாப்பான வழி இரண்டு குக்கி: ஒன்று "நன்" குறித்தது, மற்றது வேறு பெயரில், சேம்சைட் குறிப்பே இல்லாதது. சர்வரில் முதலாவதைத் தேடு, இல்லையென்றால் இரண்டாவதை எடு. லாக்-அவுட்டில் இரண்டையும் அழிக்க மறக்காதீர்கள்.

14. டெஸ்ட் செய்ய எல்லாப் போனும் வாங்கணுமா? டெவ்டூல்ஸில் ஐபோன் என்று தேர்ந்தெடுத்தால் வருமே?

டெவ்டூல்ஸ் என்ற பிரவுசரின் டெவலப்பர் கருவியில் முக்கியமாக மாறுவது திரை அளவும் யூசர் ஏஜெண்டும்தான். என்ஜின் உங்கள் இன்றைய குரோம்தான். 7 முதல் 9 வரை சொன்ன எதுவும் அதில் தெரியாது. ஆண்ட்ராய்டுக்கு எமுலேட்டரின் பழைய இமேஜ்கள், விண்டோஸுக்கு விர்ச்சுவல் மெஷின், மற்றவைக்கு வாடகைக் கருவிச் சேவை. ஆனாலும் ஒரு பழைய ஐபோனை மட்டும் கையில் வைத்திருங்கள். ஐபோன் 6-ல் இருப்பது 1 ஜிபி ராம். கனமான படங்கள் உள்ள பக்கம் அதில் தானாகவே ரீலோட் ஆகி, நிரப்பிக்கொண்டிருந்த படிவத்தைத் துடைத்துவிடும். இதை எமுலேட்டரில் பார்க்க முடியாது. பிழைச் செய்தியைப் படிக்க போனை மேக்கில் கேபிள் போட்டு சஃபாரியின் வெப் இன்ஸ்பெக்டரைத் திறக்க வேண்டும்.

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முழு சைட்டையும் பார்க்கத் தேவையில்லை. ஒப்பந்தத்தில் எழுதிய வேலைகளை மட்டும் (5-ஐப் பாருங்கள்) அடிமட்ட வெர்ஷனில் ஒருமுறை முடித்துப் பாருங்கள்.

15. ஒரு வெர்ஷனை எப்போது கைவிடலாம்? சொல்லாமல் விட்டுவிடலாமா?

4-ல் சொன்ன "வேலையை முடித்தவர்" எண்ணிக்கையால் வரும் வருவாய், அந்த வெர்ஷனுக்காகச் செலவாகும் மணிநேரத்தை ஈடுகட்டாதபோது. இந்தக் கணக்கை கிளையண்டே போடட்டும். எண்களை மட்டும் நாம் கொடுக்கலாம். மருத்துவம், அரசு உதவி போன்ற சைட்டுகளில் வருவாய்க் கணக்கு செல்லாது, அங்கே படிவம் ஸ்கிரிப்ட் இல்லாமலும் சர்வருக்குப் போகும்படி கட்டியாக வேண்டும்.

படிப்படியாக இறங்குங்கள். முதலில் அழகுப் பிழைகளைத் திருத்துவதை நிறுத்துங்கள். பிறகு தேதி சொல்லி, 3-ல் சொன்ன ஒற்றை வரி பேனரில் தொலைபேசியோ மின்னஞ்சலோ ஒரு மாற்று வழியைக் கொடுங்கள். அந்தத் தேதியில் பழைய பில்டை நிறுத்தி, அந்த பிரவுசர்களுக்கு ஸ்கிரிப்டே போகாமல் செய்யுங்கள். பாதி ஓடி விழும் ஸ்கிரிப்டைவிட, ஸ்கிரிப்ட் இல்லாத எச்டிஎம்எல் எவ்வளவோ மேல். பழைய பிரவுசர்களுக்காக எழுதிய ஃபால்பேக் சிஎஸ்எஸ் வரிகளை அன்றே துடைத்தெடுக்க வேண்டாம், சில பைட்டுகள்தான். அடுத்த இரண்டு வாரம் சர்வர் லாகில் அந்த வெர்ஷன்களின் படிவ வரவைக் கவனியுங்கள். ஒரேயடியாகப் பூஜ்யம் ஆகியிருந்தால் எச்டிஎம்எல் படிவம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.